எட்டாவது பெயர்

போன மாதம் கம்பெனியில் எனக்கு விருந்து வைத்து வேலையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். கோழிப் பிரட்டல், மீ கோரிங், பாயசம் எல்லாம் இருந்தன. கடைசியில் மைக்கைக் கையில் கொடுத்து, "நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. "எல்லாரும் சாப்பிடுங்க" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவி, பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருந்தாலும் கை தட்டினார்கள். நல்ல பிள்ளைகள்.

பேசத்தான் வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிப்பு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்வாள். எழுதச் சொன்னதே அவள்தான். என் இடத்துக்கு வந்திருக்கும் புது டிரைவர்.

இப்போது வேனில் ஏறுகிறவர்கள் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். கதவைத் தாண்டும்போது 'டிங்' என்கிறது. யார் ஏறவில்லையோ அவர் பெயர் டிரைவரின் போனில் சிவப்பாக வருகிறது. செல்வி அதைக் காட்டிவிட்டு, "இனிமே யாரும் நின்னு பேர் கூப்பிடத் தேவையில்ல ஆண்டி. நீங்க மலை மேல கத்துனீங்களாமே, அந்தக் கதைய எழுதிக் குடுங்க லா. இல்லாட்டி யாருக்கும் தெரியாம போயிரும்" என்றாள்.

தெரியாமல் போனால் நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து மறுத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் பிறந்தது பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பள்ளிக்கூடம் விட்டதும் பால்வெட்டு, பிறகு கல்யாணம், பிள்ளைகள். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாங்கள் பாரோய் வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் லோரி ஓட்டினவர். மரம் சாய்த்த காலி இடத்தில் எனக்கு லோரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மொத்தம் இரண்டே பாடம். ஒன்று, "மெதுவா." இன்னொன்று, "இன்னும் மெதுவா." அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் புக்கிட் தங்கா மலைச் சாலையில் இத்தனை வருஷம் வேன் ஓட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். என் அம்மா சொன்னதில்லை. மாமியார் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போதுள்ள பிள்ளைகள் புருஷனை "டேய்" என்கிறார்கள். அந்தப் புருஷன்மார் கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருக்கிறார்கள். அது வேறு.

என் கஷ்டம் என்னவென்றால், அவர் பெயரின் முதல் பாதி ஒரு நிறம். அதனால் அந்த நிறத்தையும் நான் சொல்வதில்லை. பாசாருக்கு மிளகாய் வாங்கப் போனால் "சிலி ஹிஜாவ்" என்று மலாயில் கேட்பேன். மலாய்க்கு அந்தத் தடை கிடையாது என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். லைசென்ஸ் சோதனையில் அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் முனகிக்கொண்டே பதில் சொன்னேன். எந்த விளக்கு எரிந்தால் போகலாம் என்று கேட்டபோது மட்டும் "ஹிஜாவ்!" என்று கணீரென்று சொன்னேன். அந்த மனிதர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

கம்பெனி நடத்தினவர் எங்கள் பழைய தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. இரண்டு வேன் வாங்கி, ஆட்களை அருவிக்கும், மலையேறும் தடங்களுக்கும், உச்சியில் உள்ள பார்வை மேடைக்கும் கூட்டிப்போகும் தொழில் ஆரம்பித்தார். டிரைவர் வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரர் எனக்காகப் போய்க் கேட்டார். கிராணி ஐயா, "அந்தப் பிள்ளை ஆரோடையும் கதைக்கிறதில்லையே" என்றாராம். "அதனாலதாங்கையா ரோட்டப் பாத்து ஓட்டும்" என்று இவர் சொன்னாராம். வேலை கிடைத்தது.

காலையில் ஐயா வந்ததும் ஒரு பிரம்பை எடுத்து, நான்கு டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி.

"சொல்லும் பிள்ளை, இந்த டயர் என்ன சொல்லுது?"

"நல்லா இருக்குங்கையா."

"அது நீர் சொல்றது. டயர் என்ன சொல்லுது?"

டயர் என்ன சொல்லும் என்று எனக்கு ஆறு மாதம் புரியவில்லை. ஒரு நாள் பின்பக்க டயர் 'டொப்' என்றது. மற்ற மூன்றும் 'டங்' என்றிருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் ஐயா, "ஓம், அதுதான்" என்று தலையை ஆட்டினார். காற்று குறைந்திருந்தது. பிரம்பை அன்றைக்கே என் கையில் கொடுத்துவிட்டார்.

வளைவுக்கு வளைவு இரண்டு தரம் ஹார்ன் அடிக்க வேண்டும். இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர். "மூக்கில பிரேக் மணம் வந்தா உடன வேனை நிப்பாட்டும். மணம் வந்தபிறகு யோசிக்கப்படாது" என்பார். இதெல்லாம் எனக்குச் சுலபம். கஷ்டம் வேறொன்றில் வந்தது.

தோட்டத்தில் விடியற்காலை எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஐயா அந்தப் பெரட்டை அப்படியே மலைக்குக் கொண்டுவந்துவிட்டார். நீல அட்டை போட்ட நீளப் புத்தகம் ஒன்று. பயணத்துக்கு ஒரு பக்கம். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு முத்து முத்தான எழுத்தில் பெயர்கள். எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் டிரைவர் வேன் கதவருகே நின்று, புத்தகத்தைப் பிரித்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பயணி "இருக்கேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகுதான் சிவப்பு மையில் சரி போடலாம். கை தூக்கினால் செல்லாது. பக்கத்து ஆள் சொன்னால் செல்லாது.

"ஒருக்கா தோட்டத்தில ஒருத்தன் மற்றவனுக்காக 'இருக்கேன்' சொல்லிப் போட்டான்" என்று ஐயா சொல்வார். "அந்த மற்றவன் மரத்தடியில விழுந்து கிடந்ததைப் பின்னேரம்தான் கண்டம்." அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல மாட்டார்.

முதல் வாரம் நான் கூப்பிட்டது முதல் சீட்டுக்கே கேட்கவில்லை. ஐயா எனக்குப் பயிற்சி வைத்தார். என்னைக் கம்பெனி முற்றத்தின் ஒரு மூலையில் நிற்க வைத்துவிட்டு, அவர் மறு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். என் கையில் பழைய தோட்டத்துப் பெரட்டுப் புத்தகம். அதில் பாதிப் பேர் செத்துப் போனவர்கள். நான் கூப்பிடக் கூப்பிட, அத்தனை பேருக்கும் அவரே "இருக்கேன்" என்று பதில் சொன்னார். பெண்கள் பெயருக்குக் கொஞ்சம் மெல்லிய குரலில் சொன்னார். தன் சட்டத்தை அவரே மீறி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். வேலியோரம் போன பக்கத்து வீட்டு அம்மா அன்றைக்கே போய்த் தன் வீட்டில் சாம்பிராணி போட்டதாகக் கேள்வி.

அப்படித்தான் எனக்குக் குரல் வந்தது. ஆனால் பெயர் கூப்பிட மட்டும்தான் வந்தது. பார்வை மேடையில் பயணிகளுக்கு இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ஐயா ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேடையில் நின்று கீழே கையைக் காட்டி, "அதோ" என்றேன். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பயணிகள் அந்தப் பக்கம் பார்த்தார்கள். மலை மலையாக, மேகம் தொட்டுக்கொண்டு, எங்கே பார்த்தாலும் அந்த நிறம். "எவ்வளவு அழகு!" என்றார்கள். அதற்குப் பிறகு "அதோ" மட்டுமே போதும் என்று வைத்துக்கொண்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

மேடையில் குரங்குகள் அதிகம். ஒரு தரம் ஒரு பெரியவர் சோளம் கடிப்பதற்காகப் பல் செட்டைக் கழற்றி மடியில் வைத்தார். குரங்கு எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது "இஉக்ஏ" என்று பதில் வந்தது. சொந்த வாய்தானே. சரி போட்டேன்.

செல்வி கேட்ட கதைக்கு வருகிறேன். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

சுவாவிலிருந்து ஒரு கோயில் கமிட்டி. பன்னிரண்டு பேர். அருவி பார்த்துவிட்டுப் பார்வை மேடைக்குப் போய், அதன் பின்னால் உள்ள காட்டுத் தடத்தில் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஐயா முற்றத்தில் தானே பெயர் கூப்பிட்டுச் சரி பார்த்துப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். பக்கத்தைப் பார்த்தேன். எட்டாவது பெயர் என் வீட்டுக்காரர் பெயர்.

அது பழைய காலத்துப் பெயர். அத்தனை வருஷத்தில் ஒரு பயணிக்கும் அந்தப் பெயர் இருந்ததில்லை. எட்டாம் எண்காரர் என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, சிரித்த முகம், கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை, தோளில் ஒரு சின்னப் பை.

"நான் சக்கர வியாதிக்கு ஊசி போடற ஆளும்மா. நேரத்துக்குச் சாப்பிடணும். மருந்து, பிஸ்கட் எல்லாம் இந்தப் பையிலதான்" என்றார், நான் கேட்காமலே.

அருவியில் ஏழு பெயர்களைக் கூப்பிட்டேன். எட்டுக்கு வந்ததும் அவரை நேராகப் பார்த்து ஒரு தரம் இருமினேன். "இருக்கேன்மா" என்றார். சொந்த வாய். சரி போட்டேன். ஐயா சட்டத்துக்கும் பங்கமில்லை, என் சட்டத்துக்கும் பங்கமில்லை என்று நிம்மதியாக மலையேறினேன். முட்டாள்தனம்.

மேடையில் எல்லாரும் தடத்தில் நடந்துவிட்டுத் திரும்பி வருகிற நேரத்துக்கு மழை பிடித்தது. கூடவே மூடுபனி. குடையை விரிக்க நேரமில்லாமல், தலையில் துண்டையும் பையையும் போட்டுக்கொண்டு எல்லாரும் வேனுக்குள் பாய்ந்தார்கள். கண்ணாடியெல்லாம் வேர்த்துவிட்டது. முகம் தெரியவில்லை. நான் நனைந்துகொண்டு கதவருகே நின்று ஏழு பேரைக் கூப்பிட்டேன். எட்டுக்கு இருமினேன். உள்ளே யாரோ பதிலுக்கு இருமினார்கள். மழையில் நனைந்த கூட்டத்தில் இருமுவதற்கு ஆளா இல்லை? மீதி நாலு பேரையும் கூப்பிட்டு முடித்த பிறகும் எனக்கே ஒரு சந்தேகம் வந்து, தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு. சரி போட்டுவிட்டு மலையிறங்கினேன்.

அடிவாரத்துச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையும், அதன் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் டயர்க் கடையும் இருந்தன. அங்கே வந்ததும் கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் என் பெயரைச் சொல்லி, "லெச்சுமி, துருன் சினி லா" என்றது. இங்கே இறங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். தலையிலிருந்து துண்டை எடுத்தபோது பார்த்தேன். மேடையில் அவித்த சோளம் விற்கும் மலாய்க்கார அம்மா. மக்சிக் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எப்போதும் என் வேனில்தான் கீழே வருவார். ஆனால் எப்போதும் சொல்லிவிட்டு ஏறுவார். அன்றைக்கு மழையில் சொல்ல நேரமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவரோடு சேர்த்துத்தான் பன்னிரண்டு.

என் கால் பிரேக்கை விட்டு வரவில்லை. கமிட்டித் தலைவர் முன் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, வாயில் பிளாஸ்டிக் பையோடு இருந்தார். ஊரில் மைக் இல்லாமலே பேசுகிற மனிதர். வளைவுகளில் இரண்டு தரம் வாந்தி எடுத்து ஓய்ந்து போயிருந்தார்.

"ஏம்மா நிப்பாட்டிட்ட?"

"ஒரு ஆளு குறையுதுங்க."

"யாரு?"

"எட்டாவது ஆளுங்க."

"எட்டாவது ஆளா? யாரும்மா அது?"

"குடை வச்சிருந்தாருங்களே..."

"எல்லாரும்தான் குடை வச்சிருக்கோம்! பேரச் சொல்லு!"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஐயையோ! அண்ணன் பை இங்க இருக்கே!" என்று அந்தச் சின்னப் பையைத் தூக்கிக் காட்டினார். மருந்து, பிஸ்கட் எல்லாம் அதற்குள்.  மணி ஐந்து தாண்டிவிட்டது. மேலே மழை, மூடுபனி. அந்த மனிதர் மதியம் ஊசி போட்டுவிட்டு, நாலு மணிக்குச் சாப்பிட வேண்டியவர்.

தேத்தண்ணிக் கடையிலிருந்து ஐயாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, ஒரு ஆள விட்டுட்டு வந்துட்டேனுங்க."

"பேர் கூப்பிட்டீரோ?"

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"பிள்ளை, பேர் கூப்பிட்டீரோ எண்டு கேட்டனான்."

"மத்த எல்லாரையும் கூப்பிட்டேனுங்க. எட்டாவதுக்கு... இருமினேனுங்க."

"என்னது?"

"இருமினேனுங்க ஐயா. அது எங்க வீட்டுக்காரர் பேருங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது கேட்டது. "வேனைத் திருப்பும். மேல போய் அந்தப் பேரைக் கூப்பிடும். ஆறு மணிக்கு ஆள் கிடைக்காட்டி நான் தீயணைக்கிற பொம்பாக்காரரைக் கூப்பிடுவன். காரை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு வாறன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பயணிகளைத் தேத்தண்ணிக் கடையில் இறக்கிவிட்டோம். தலைவர் "நானும் வர்றேன்" என்று எழுந்தார். மலையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பெஞ்சில் படுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கையிலிருந்த மண்ணெண்ணெயைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினார். போகிற வழியெல்லாம், "இந்தா புள்ள, மெதுவா. இன்னும் மெதுவா" என்றார். நான் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

மேடையில் சோளக் கடை மூடியிருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. தடம் பனிக்குள் போய் மறைந்திருந்தது. மழை நின்று, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

"நீங்க கூப்பிடுங்க" என்றேன்.

அவர் தடத்தின் வாயில் நின்று, தன் பெயரைத் தானே கூப்பிட்டார். சுருட்டும் டயர்க் கடைத் தூசியும் சேர்ந்து அவர் குரலைச் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. காற்றில் இரண்டடி போய் விழுந்தது.

"என்னமோ நானே என்னத் தொலைச்சுட்டுத் தேடற மாதிரி இருக்கு" என்று இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இருமினார். "ம்ஹும். நீதான் கூப்பிடணும்."

"அண்ணே! ஐயா! குடைக்காரண்ணே!" என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன். காடு சும்மா இருந்தது.

"பேரு சொல்லிக் கூப்பிடு புள்ள."

"நான் எப்படிங்க..."

"ஏன், கொறையப் போற ஆயுசு என்னோடதுதான? நான் குடுக்கறேன். அறுவத்தி ரெண்டு வயசு ஆச்சு, ரெண்டு வருஷம் போனாப் போகட்டும். அந்தாளுக்கு இன்னைக்கே போயிரும் போல இருக்கு. கூப்பிடு!"

அவர் சொல்லிவிட்டார். எனக்கோ நாக்கு எழும்பவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பூட்டி வைத்த கதவு ஒரு தள்ளலில் திறக்குமா? வேனுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கதவருகே எப்போதும் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, பக்கத்தைப் பிரித்தேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஆறுமுகம்!"

"அந்தாளு கீழ தேத்தண்ணி குடிக்கிறாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. சரோஜா! கிருஷ்ணன்!"

வரிசையாகப் போனால்தான் எனக்கு வரும். பனியைப் பார்த்து, கீழே பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிற ஏழு பேரையும் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏழு முடிந்தது. மூச்சை இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பச்சையப்பன்!"

இவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஏதோ ஒரு பெரிய பறவை பயந்து எழும்பிப் போனது.

"இருக்கேன்" என்றது ஒரு குரல், மிக மெதுவாக, என் காதுக்குப் பக்கத்தில்.

திரும்பினேன். என் வீட்டுக்காரர். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

"உங்கள இல்லீங்க!" என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன். "பச்சையப்பன்! பச்சையப்பா!"

தடத்துக்குக் கீழே, இடது பக்கச் சரிவில், பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "இருக்கேன்மா... இருக்கேன்..."

நாற்பது அடிகூட இருக்காது. ஒரு டுரியான் மரத்தடியில், விரித்த குடைக்குக் கீழே, வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. காலடியில் ஒரு பேனாக் கத்தியும், பிளந்த டுரியான் ஒன்றும் கிடந்தன. பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்தோம். இரண்டு தின்ற பிறகு பேச்சு வந்தது.

"தடத்துல வரும்போது 'தொப்'புன்னு பழம் விழுந்த சத்தம் கேட்டுச்சும்மா. அத விட்டுட்டு வர மனசு வருமா? எடுக்க எறங்குனேன். எறங்கினதும் தல சுத்திருச்சு, ஏற முடியல. ரெண்டு சொள தின்னேன். அப்பறம் என்ன நடந்துச்சுன்னு சரியா தெரியல. மொதல்ல ஏதோ தவளை கத்துன மாதிரி இருந்துச்சு."

"தவளையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமாண்ணே. அப்பறம்தான் இந்தக் கொரலு. எங்கம்மா போய் இருவது வருஷம் ஆச்சு. வீட்டுல ஏங்கன்னு கூப்பிடுவா, வெளிய எல்லாம் அண்ணேம்பாங்க. அம்மாவுக்கு அப்பறம் ஒரு பொம்பள என்ன மொட்டையா பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. சரி, போய்ச் சேந்துட்டோம், அம்மா வாசல்ல நின்னு கூப்பிடுதுன்னு நெனச்சேன். இங்கயும் டுரியான் கெடைக்குதே, பரவால்லன்னு இருந்துச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவரை மேலே ஏற்றினோம். வேன் கதவை மூடியதும், "வீட்டுல டுரியான் விஷயம் சொல்லிராதீங்க" என்று கெஞ்சினார். மீதிப் பழத்தைக் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். சொல்ல வேண்டியதே இல்லை. அடிவாரத்தில் வேன் கதவைத் திறந்து டுரியான் வாடை வெளியே வந்ததும் தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். தலைவர் மறுபடியும் பிளாஸ்டிக் பையைத் தேடினார்.

கிராணி ஐயா காரோடு காத்திருந்தார். அவரே கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஒரு ராத்திரி வைத்திருந்து நல்லபடியாக அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை வேன் சாவியையும் புத்தகத்தையும் ஐயா மேஜையில் வைத்தேன். "நான் வேலையிலேருந்து நின்னுக்கறேனுங்க ஐயா" என்றேன். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பில் இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. கூப்பிடாமல் போட்ட சரியை நானே அடித்து வைத்திருந்தேன். ஐயா பக்கத்தைப் பிரித்து, அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

"மலையில கூப்பிட்டீரோ?"

"கூப்பிட்டேனுங்க."

"பதில் வந்ததோ?"

"வந்துச்சுங்க."

"சொந்த வாயால?"

"ஆமாங்க. ஒரு பேருக்கு ரெண்டு பேரு பதில் சொன்னாங்க."

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். "சரி போடும்" என்றார். போட்டேன். சாவியை என் பக்கம் தள்ளினார். அப்புறம் புத்தகத்தின் முதல் பக்கத்தில், மற்றச் சட்டங்களுக்குக் கீழே, அதே முத்து எழுத்தில் இரண்டு வரி எழுதினார். 'இருமல் பெயராகாது. வழியில் ஏறுபவரின் பெயரும் பட்டியலில் சேர்க்கப்படும்.'

அதிலிருந்து மக்சிக் பெயரும் தினமும் பட்டியலில் கடைசியாக வரும். நான் கூப்பிடுவேன். இருக்கேன் என்பதற்கு மலாயில் "அடா!" என்று பின் சீட்டிலிருந்து பதில் வரும். அவருக்கு அதில் ஒரு பெருமை.

இப்போது 'டிங்' சத்தமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. நல்லதுதான். அதற்கு வெட்கம் கிடையாது. யார் பெயரையும் அது விட்டுவிடாது. நீலப் புத்தகத்தை, ஐயாவுக்குப் பிறகு கம்பெனியை நடத்தும் அவர் மகள் விருந்தன்றைக்கு எனக்கே கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு இப்போது எழுபத்து மூன்று. ஆயுசு ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. வீட்டில் நான் அவரை இன்னும் "ஏங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். மிளகாய் இன்னும் சிலி ஹிஜாவ்தான். "இன்னொரு தரம் சொல்லேன்" என்று அவர் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டார். "தொலைஞ்சு போனா கூப்பிடறேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் என்னைப் பார்வை மேடைக்குக் கூட்டிப்போகிறார். சோளம் வாங்கித் தருகிறார். நான் கீழே பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் ஆள் காணாமல் போகிறார். மக்சிக் கடைக்குப் பின்னால்தான் நிற்கிறார். பலகைக்கு அடியில் இரண்டு செருப்பும் தெரிகின்றன. மக்சிக் வாயைப் பொத்திக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டுகிறார்.

நான் சோளத்தை மெதுவாகத் தின்று முடிக்கிறேன். கையைத் துடைத்துக்கொள்கிறேன். அக்கம்பக்கம் யாரும் இல்லையே என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் நிமிர்ந்து நின்று கூப்பிடுகிறேன்.

"இருக்கேன்" என்கிறார், பலகைக்குப் பின்னாலிருந்து.